நிறுத்திக் கேட்க ஓர் ஆள்

மதுரை மாவட்டத்தில் நகராட்சிகள் மூன்றுதான்: மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி. இதில் ஒன்றில்தான் நான் குடியிருக்கிறேன். எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் எந்த வார்டு, யார் கவுன்சிலர், எந்தக் கட்சி என்று கேள்வி நீளும். சொல்ல வந்தது நின்றுவிடும். மூன்று ஊரிலும் கதை பெரும்பாலும் ஒன்றுதான் என்பதால் நஷ்டமும் இல்லை.

டெல்லியில் நேற்று என்ன நடந்தது என்று எங்கள் தெரு டீக்கடையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சென்னையில் எந்த அமைச்சர் யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் இருக்கிறார் என்பதுகூடத் தெரியும். ஆனால் வாசலில் ஓடும் வாய்க்காலுக்கு மூடி எப்போது போடுவார்கள், வாரச்சந்தையை இந்த வருஷம் எவ்வளவுக்கு யார் குத்தகை எடுத்திருக்கிறார், குழாயில் ஏன் ரெண்டு நாளாகக் காற்று மட்டும் வருகிறது? இதற்கெல்லாம் பதில் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தூரத்து அரசாங்கத்தின் செய்தி வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. பக்கத்துத் தெரு அரசாங்கத்தின் செய்தியை நாம் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

எங்கள் வார்டில் அந்தச் செய்தியின் முதல் ஆதாரம் தண்ணீர் திறந்துவிடும் அண்ணன். டி.வி.எஸ். எக்ஸெல்லில் ஒரு நீளமான இரும்புச் சாவியை முன்னால் மாட்டிக்கொண்டு போவார். அந்த வண்டி எங்கள் தெரு முனையில் நின்றால் இன்றைக்குத் தண்ணீர் உண்டு. நிற்காமல் போனால் யாராவது ஓடிப்போய் மறிப்பார்கள். "மெயின் லைன் உடைஞ்சிருச்சுக்கா, அங்கிட்டு ரோடு வேலைக்குத் தோண்டும்போது போயிருச்சு. நாளன்னைக்குத்தான்" என்பார். அவ்வளவுதான், பத்து நிமிஷத்தில் வார்டு முழுக்கத் தெரிந்துவிடும். அவர் சொல்வது எந்த நாளிதழின் மதுரைப் பதிப்பிலும் வராது. மன்றக் கூட்டத்தில் யார் வெளிநடப்புச் செய்தார்கள் என்பது மட்டும் படத்தோடு வரும். எதற்காக வெளிநடப்பு என்று கடைசி வரியில் இருக்கும், சில நாள் அதுவும் இருக்காது.

மாநில அரசின் திட்டம் என்றால் இந்தக் கஷ்டமே இல்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது பிள்ளைகளுக்கு என்ன பரிமாறினார்கள் என்பதுவரை தமிழ்நாட்டுக்கே தெரிந்தது. நல்ல திட்டம், தெரிய வேண்டியதுதான். அதே மாதம் எங்கள் நகராட்சி மன்றத்தில் என்ன தீர்மானம் போட்டார்கள் என்று என் வீட்டில் யாருக்கும் தெரியாது, நான் உட்பட.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

2016 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல் நடக்க வேண்டும். தேதி அறிவித்து, வேட்புமனுத் தாக்கலும் முடிந்திருந்தது. அறிவிப்பும் இடஒதுக்கீடும் முறைப்படி இல்லை என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிறகு வார்டு மறுவரையறை, மறுபடி வழக்கு, கொரோனா என்று இழுத்துக்கொண்டே போய், நகர்ப்புறத்துக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19 அன்று. அதற்கு முந்தைய தேர்தல் 2011இல். நடுவில் ஐந்து வருஷத்துக்கும் மேலாகக் கவுன்சிலர் என்று ஊரில் யாருமே இல்லை. ஆணையர்தான் தனி அலுவலர். அதாவது, ஒரு பொருளை மன்றத்தின் முன் வைக்க வேண்டியவரும் அவரே, மன்றமாக இருந்து அதை ஏற்க வேண்டியவரும் அவரே. கூட்டம் மட்டும் வேளாவேளைக்கு 'நடந்தது'. வெளிநடப்புக்கு வாய்ப்பே இல்லாத கூட்டம்.

அந்தக் காலத்தில் வேலை எதுவும் நடக்கவில்லை என்று சொன்னால் பொய். ரோடு போட்டார்கள், எல்.இ.டி. விளக்கு மாட்டினார்கள், குப்பை வண்டி வந்தது. சில அதிகாரிகள் கவுன்சிலர்களைவிட நன்றாகவே செய்தார்கள் என்று என் மாமா இன்றைக்கும் வாதாடுவார். "தொந்தரவு இல்லாம வேலை நடந்துச்சுப்பா" என்பது அவர் கட்சி. அவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். அந்தத் தொந்தரவு யாருடையது என்பதில்தான் எனக்கும் அவருக்கும் தகராறு. எங்கள் தெருவில் கம்பம் சாய்ந்து விளக்கு எரியாமல் கிடந்தபோது யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அலுவலகத்துக்குப் போனால் அந்த 'சீட்' பார்ப்பவர் மாறுதலில் போயிருப்பார், புதிதாக வந்தவருக்கு எங்கள் தெரு எந்தப் பக்கம் என்று தெரியாது. மனு கொடுத்தால் வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அது என்ன ஆனது என்று கேட்கப் போனால் மறுபடியும் ஒரு மனு. கவுன்சிலர் இருந்திருந்தால் விளக்கு மறுநாளே எரிந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஏன் எரியவில்லை என்று சொல்ல ஒரு வாய் இருந்திருக்கும்.

தேர்தல் நடக்காததால் மத்திய நிதிக் குழுவின் மானியமும் நிறுத்திவைக்கப்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு இருந்தால்தான் பணம் என்பது அதன் நிபந்தனை. இது சட்டமன்றத்திலும் பத்திரிகையிலும் பேசப்பட்ட விஷயம்தான். ஆனால் எங்கள் டீக்கடைக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை.

வரி கதை இன்னும் சுவாரசியம். 2018இல், யாரும் மன்றத்தில் இல்லாதபோது, சொத்து வரி ஏறியது. 2019 நவம்பரில், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு அடிபட்டபோது, அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது. 2022 மார்ச்சில் கவுன்சிலர்கள் பதவியேற்ற சில வாரங்களிலேயே புது உயர்வு வந்தது: 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. உயர்வு தேவையா என்பது வேறு வழக்கு. பல வருஷமாக ஏற்றாத வரியை எப்போதாவது ஏற்றத்தான் வேண்டும், தண்ணீர் இலவசமாக மேலே ஏறி வராது. ஆனால் ஆட்கள் இல்லாதபோது ஏற்றுவதும், ஓட்டு வரும்போது இறக்குவதும், ஓட்டு முடிந்ததும் ஏற்றுவதும் இரண்டு கட்சி ஆட்சியிலும் பொதுவாக இருந்ததைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு வித்தியாசம்: 2022இல் திட்டுவதற்குத் தெருவிலேயே ஒருவர் கிடைத்தார். எங்கள் வார்டின் புதுக் கவுன்சிலர் அந்த ஏப்ரல் மாதம் கடைக்குப் போக முடியாமல் தவித்தார்.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்ற சட்டம் 2016இல் வந்தது. அந்தக் கணக்கில் எங்கள் வார்டு பெண்களுக்குப் போனது. நின்று ஜெயித்தவர் அவர், சுற்றி வந்தவர் அவருடைய வீட்டுக்காரர். போஸ்டரில் அவர் படம் சின்னதாகவும் வீட்டுக்காரர் படம் பெரிதாகவும் இருந்தது. முதல் வருஷம் போன் அடித்தால் ஆண் குரல்தான் எடுக்கும். "சொல்லுங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்." இப்போது பாதிக்குப் பாதி. தண்ணீர், வாய்க்கால் என்றால் அவரே பேசுகிறார். காண்டிராக்ட் விஷயம் என்றால் போன் கைமாறுகிறது. இதை வைத்து ஒதுக்கீடே வீண் என்று பேசுபவர்களுக்கு ஒன்று சொல்லலாம். எங்கள் தெருப் பெண்கள் முன்பு எந்தக் கவுன்சிலரையும் வழியில் மறித்தது கிடையாது, வீட்டு ஆண்களை அனுப்புவார்கள். இப்போது ரேஷன் கடை வரிசையிலேயே எல்லாம் பேசிவிடுகிறார்கள்.

அப்படி ஒரு பேச்சு என் காதுபடவே நடந்தது. பக்கத்து வீட்டு அத்தை கவுன்சிலரிடம், "ஏத்தா, பேரனுக்கு பர்த் சர்டிபிகேட்ல பேரு இல்லையாம். பள்ளிக்கூடத்துல கேக்குறாக. உங்க ஆபீசுல சொல்லி ஏத்திக் குடு" என்றார்.

"புள்ள எங்கத்தே பிறந்தான்? மதுரையிலதான?"

"ஆமா, பெரிய ஆஸ்பத்திரியில."

"அப்ப இங்க வராதுத்தே. எங்க பிறந்தானோ அங்கதான் பதிவு இருக்கும். மாநகராட்சியிலதான் ஏத்தணும். ஒரு வருசத்துக்குள்ளன்னா காசு இல்ல. அதத் தாண்டிருச்சு, தாமதக் கட்டணம் கட்டணும். பதினஞ்சு வருசம் வரைக்கும் ஏத்தலாம், பயப்படாதீக."

இவ்வளவும் ரேஷன் கடை வாசலில், அரிசி போடுவதற்குள். ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்கு அந்த அத்தை அலைந்திருக்க வேண்டியதெல்லாம் மிச்சம். பிறப்பு, இறப்பு எதுவானாலும் 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது என்பதும், 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம் என்பதும் எங்கள் தெருவில் பலருக்கு அவர் வாயால்தான் தெரியும். அவருக்குக் கையெழுத்து அதிகாரம் எதுவும் கிடையாது. காசோலையில் கையெழுத்துப் போட முடியாது, ஊழியரை மாற்ற முடியாது, ஒரு லாரித் தண்ணீரைக்கூடச் சொந்தமாக உத்தரவிட முடியாது. இருப்பது கேட்கிற உரிமையும் கேட்டதைச் சொல்கிற வாயும்.

மன்றக் கூட்டத்துக்கு முன் கவுன்சிலர்களுக்குக் கூட்டப் பொருள் அடங்கிய கட்டு ஒன்று வரும். எங்கள் கவுன்சிலர் சில சமயம் அதைப் படம் எடுத்து வார்டு வாட்ஸ்அப் குழுவில் போடுவார். காலை வணக்கப் பூக்களுக்கும் கண்ணீர் அஞ்சலிகளுக்கும் நடுவில் அது வந்து விழும். நான் அதை விடாமல் படிப்பேன். என் மனைவிக்கு இது ஒரு வியாதி என்று தோன்றுகிறது. ஆனால் ஊரின் உண்மையான செய்தித்தாள் அதுதான். பிளீச்சிங் பவுடர் வாங்கியது, எந்த நீரேற்று நிலையத்தில் மோட்டார் எரிந்து காயில் கட்டியது, பேருந்து நிலையக் கடைகளுக்கு ஏலம் விட்டும் ஆள் வராமல் மறு ஏலம், சைக்கிள் ஸ்டாண்டு, கட்டணக் கழிப்பிடம், ஆட்டிறைச்சிக் கூடம், தெருநாய்க் கருத்தடை என்று ஊரே அதில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். பெரும்பாலான பொருள்கள் ஒரே வாசகத்தில் முடியும்: "மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்." பாதி வேலைகள் அவசரம் கருதி முன்னமே முடிக்கப்பட்டிருக்கும், மன்றம் ஒப்புதல் மட்டும் தர வேண்டும்.

படிக்கப் படிக்க ஒரு பழக்கம் வரும். ஒரே மோட்டார் வருஷத்தில் எத்தனை தடவை எரிகிறது என்று கண்ணில் படும். சந்தைக் குத்தகைத் தொகை போன முறையைவிடக் குறைந்திருந்தால் ஏன் என்று கேட்கத் தோன்றும். கேட்டால் பதில் வந்துவிடாது. ஆனால் ஊரில் இன்னொருவனும் படிக்கிறான் என்று தெரிந்தாலே அடுத்த கட்டு கொஞ்சம் ஒழுங்காக வரும் என்று கவுன்சிலரின் வீட்டுக்காரரே ஒருமுறை சொன்னார். அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

மக்களே நேரில் வந்து கேட்கட்டும் என்று வார்டு குழு, பகுதி சபை என ஏற்பாடு வந்தது. 2022 நவம்பர் 1, உள்ளாட்சிகள் தினத்தன்று தமிழ்நாடு முழுக்க முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. எங்கள் ஊரில் சாமியானா, பிளாஸ்டிக் நாற்காலி, டீ, வடை எல்லாம் இருந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் நகராட்சி ஊழியர்கள். பிறகு நடந்தவற்றில் டீ மட்டும் நின்றுபோனது. யோசனை நல்ல யோசனை, ஆனால் கூட்டம் எப்போது என்ற தகவல் மக்களை வந்து சேராவிட்டால் நாற்காலிதான் மிஞ்சும்.

மதுரை மாநகரம் இதில் வேறு உலகம். 1866இல் நகராட்சியாகி 1971இல் மாநகராட்சியான ஊர் அது. 2011இல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளையும், திருநகர், ஹார்விபட்டி, விளாங்குடி பேரூராட்சிகளையும், சுற்றியிருந்த 11 ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டது. வார்டுகள் 72இலிருந்து 100 ஆயின. பரப்பு 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆனது. திருநகரில் இருக்கும் என் நண்பன் இதைப் பற்றிப் பேசினால் பாதி பெருமை, பாதி புலம்பல். பேரூராட்சியாக இருந்தபோது அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். தலைவர் ஸ்கூட்டரில் எதிரே வருவார், மறித்துப் பேசலாம். இப்போது அவன் விலாசம் மாநகராட்சி, வீட்டுமனை விலையும் ஏறிவிட்டது, தலைமை அலுவலகம் தல்லாகுளத்தில் அறிஞர் அண்ணா மாளிகை. ஒரு மாநகராட்சி வார்டில் பத்தாயிரத்துக்கும் மேல் ஜனம். அத்தனை பேரும் ஒரு கவுன்சிலரைத் தெருவில் மறிக்க முடியாது.

பெரிய ஊரில் செய்தி வேறு விதமாக வெளியே வரும். 2025இல் சொத்துவரி முறைகேடு வெடித்ததே, அதிகாரிகளின் கடவுச்சொல்லைக் கொண்டு கணினியில் கட்டடங்களுக்கு வரி குறைக்கப்பட்டது என்ற குற்றச்சாட்டு. போலீஸ் வழக்கு, கைதுகள், ஜூலையில் மண்டலத் தலைவர்கள் ராஜினாமா, அக்டோபரில் மேயரே ராஜினாமா. வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்கு உறுத்தியது வேறு: எந்தக் கட்டடத்துக்கு எவ்வளவு வரி என்பது யாரும் பார்க்கக்கூடிய விஷயமாக, பார்க்கிற பழக்கம் உள்ள விஷயமாக இருந்திருந்தால் போலீசுக்குப் போகும் முன்னாலேயே எந்தத் தெருவிலாவது ஒருவர் கேட்டிருப்பார்.

இனி கிராமம். என் அம்மாவின் ஊர் மேலூர் பக்கம். கேட்பதற்கு ஓர் ஆள் வேண்டும் என்று நான் இங்கே லேசாக எழுதுகிற விஷயத்துக்கு அந்தப் பக்கம் உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்ட மேலவளவு ஊராட்சியின் தலைவர் முருகேசன் 1997 ஜூன் 30 அன்று மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்விட்டுப் பேருந்தில் திரும்பும்போது, உடன் வந்தவர்களோடு வெட்டிக் கொல்லப்பட்டார். எரிக்கப்பட்ட குடிசைகளுக்கு நிவாரணம் கேட்கப் போயிருந்தார். தலைவர் செய்ய வேண்டிய வேலை அது. உசிலம்பட்டிப் பக்கம் அதேபோல் ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பத்து வருஷம் தலைவர் என்று ஒருவர் உட்காரவே முடியவில்லை. மனுத் தாக்கல் செய்ய விடமாட்டார்கள். மீறி ஒருவர் ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்யவைப்பார்கள். 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்தது. 2021 காந்தி ஜெயந்தி அன்று பாப்பாபட்டி கிராம சபைக்கு முதல்வரே வந்து உட்கார்ந்தார். என் மாமாவின் 'தொந்தரவு இல்லாத' நிர்வாகத்தைப் பற்றி அந்த ஊர்க்காரர்களிடம் பேசிப் பார்க்க வேண்டும்.

கிராம சபையை நான் பெரிதாக மதித்ததில்லை. நூறு நாள் வேலை, குடிநீர், கணக்கு வாசிப்பு, தீர்மான நோட்டில் கையெழுத்து, கலைந்துவிடுவார்கள். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி விஷயத்தில்தான் அந்த நோட்டின் கனம் தெரிந்தது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்ட இடம் அது. 2024 நவம்பர் 7 அன்று அதன் ஒரு பகுதியும் சேர்ந்த சுமார் 2,015 ஹெக்டேர் நிலம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது தெரியவந்தது. சென்னைக்குக்கூடச் சரியாகத் தெரியும் முன் மேலூர்ப் பக்கம் தெரிந்துவிட்டது என்று அங்கே சொல்வார்கள். அந்த வருஷம் தீபாவளி காரணமாக நவம்பர் 1 கிராம சபை 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போயிருந்தது. தள்ளிப்போனதும் நல்லதாயிற்று. ஊர் ஊராகச் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் எழுதினார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் எழுதியது. 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தார்கள். 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

இதில் பலர் கவனிக்காத ஒரு தேதி உண்டு. அந்தக் கிராம சபைகளை நடத்திய ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரி 5 அன்று முடிந்துவிட்டது. மதுரைக்கு நடந்தபோது அவர்கள் முன்னாள் தலைவர்கள். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்து வருஷம் முடிந்தது, அடுத்த தேர்தல் நடக்கவில்லை. ஊராட்சிகள் தனி அலுவலர் கைக்குப் போயின. 2025 முழுக்க அப்படித்தான் ஓடியது. பதவிக்காலம் முடியச் சில வாரம் முன்னால் ஏலம் வந்ததால் நோட்டில் கையெழுத்துப் போட ஊருக்குள் ஒரு தலைவர் இருந்தார்.

கிராம சபை அதற்குப் பிறகும் நின்றுவிடவில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கூட்டம். தனி அலுவலரான வட்டார வளர்ச்சி அலுவலர் பொறுப்பில் பல ஊராட்சிகள். ஒரே நாளில் எல்லா ஊரிலும் அவரே உட்கார முடியாது. எங்கள் சித்தப்பா, "தலைவர்னா விடியக்காலம் வீட்டுக் கதவத் தட்டலாம். இவுகளப் பாக்க பஸ் ஏறணும். போனா ஆய்வுக்குப் போயிட்டாகன்னு சொல்வாக" என்றார். அந்தப் பழைய தலைவரைச் சித்தப்பாவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. ஓட்டும் போடவில்லை. ஆனாலும் அவர் கதவைத் தட்டித் திட்டிவிட்டு வருவது தன் உரிமை என்று நினைத்திருந்தார்.

நகரங்களின் கணக்கும் நெருங்குகிறது. 2022 மார்ச் 2இல் பதவியேற்ற மன்றங்களுக்கு 2027 மார்ச் தொடக்கத்தோடு ஐந்து வருஷம் ஆகிறது. காலம் முடிவதற்குள் தேர்தலை நடத்திவிட வேண்டும் என்று அரசியல் சட்டமே சொல்கிறது. 2016இலும் அதே அரசியல் சட்டம்தான் இருந்தது. எங்கள் டீக்கடையில் இப்போதே வார்டு பொதுவா, பெண்களுக்கா என்று பந்தயம் நடக்கிறது. சுவருக்கு இடம் பிடித்துவைத்தவர்களும் உண்டு. கவுன்சிலரை வாய்க்கால் ஓரத்தில் பார்த்தேன், தூர் வாருகிற ஆட்களோடு நின்றுகொண்டிருந்தார்.

"மறுபடி நிப்பீகளாம்மா?" என்று கேட்டேன்.

"முதல்ல எலெக்சன் வருதான்னு பாருங்கண்ணே" என்றார்.